கருணாபுரியின் தட்டுச் சட்டம்

விருந்தினரை மதிப்பதில் கருணாபுரிக்கு இணையான நாடு பூமியில் தோன்றியதில்லை. இந்தக் கதை நடக்கும்வரை அங்கே ஒருவரும் விருந்துண்டதில்லை என்பது வேறு விஷயம்.

இளவரசர் அரண்மனையில் எல்லோருக்கும் இலை போட்டிருந்தார். வாசற்படியோ ஆள் உயரம். யாராலும் தானாக ஏற முடியாது. அதனால் அவரே மேலே நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். என்னை நம்பிக் கையைக் கொடுங்கள், அது போதும் என்பதுதான் அழைப்பு.

அந்தப் ‘போதும்’ என்ற சொல், அரண்மனைச் சடங்கு மரியாதைகளைக் கவனிக்கும் அமைச்சர் அருளானந்தருக்கு உறுத்தியது. வெறுங்கையோடு விருந்துக்குப் போனால் நாட்டின் மானம் என்னாவது? ஆளுக்கொரு சீர்த்தட்டு, அதில் சொந்த உழைப்பில் செய்த பண்டம் என்று சட்டம் போட்டார். ஒற்றைக் கையால் ஏந்துவது மரியாதைக் குறைவு என்று அடுத்த சட்டம் வந்தது. ஜனங்கள் இரு கையாலும் ஏந்தி நின்றார்கள். நீட்டிய கையைப் பிடிக்க ஒருவரிடமும் கை மிச்சமில்லை. பண்டம் போதாததால்தான் யாராலும் ஏற முடியவில்லை என்று ஆராய்ந்து கண்டறிந்து, அமைச்சர் தட்டின் அளவை இரட்டிப்பாக்கினார்.

பால்காரி குருசம்மாள் காலையிலிருந்து பசியோடு வரிசையில் நின்றாள். உள்ளிருந்து வந்த நெய் வாசம் அவளைப் பாடாய்ப்படுத்தியது. அவள் தட்டில் பால்கோவா குளம்போல் தளும்பியது.

“ஐயா, என் பால்ல பாதி தண்ணின்னு ஊருக்கே தெரியும். நான் கிண்டினா இந்த ஜென்மத்துல கெட்டிப்படாது. சும்மா போய்க் கையக் குடுத்தா ஆகாதா? அவருதானே கூப்பிடுறாரு?”

அமைச்சர் தொண்டையைச் செருமினார். “அம்மா, வெறுங்கையோட வரச் சொல்றது அவரோட பெருந்தன்மை. அதை நம்பி வந்துடுறது உங்க திமிர்.”

குருசம்மாள் தலைகுனிந்து படியருகே நகர்ந்தாள். பால்கோவா வழிந்து காலடியில் கொட்டியது, வழுக்கினாள், தட்டு உருண்டோடியது. பிசுபிசுத்த கைகளை வெட்கத்தோடு முந்தானையில் துடைக்கப் போனாள்.

“துடைக்க வேணாம்மா, குடுங்க” என்றார் இளவரசர்.

மறுகணம் அவள் மேலே நின்றாள். ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பிறகு கீழே ஒரு தட்டு விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. கல்யாண மேளம் தோற்றது போங்கள். வயிறாரச் சாப்பிட்ட குருசம்மாள் யாரும் சொல்லாமலே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாயசம் பரிமாறினாள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கவில்லை.

அமைச்சர் மட்டும் பட்டு மூடிய பெரிய தட்டை ஏந்தியபடி வெளியே நின்றார். இளவரசர் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தார். காற்றடித்துப் பட்டு விலகியது.

தட்டில் ஒன்றும் இல்லை.