மாத்திரைத் தலைவர்கள்

பச்சியப்பன் கை பட்ட மாத்திரையை இனி வாயில் வைப்பதில்லை என்று மேற்குத் தெரு முழுக்க முடிவெடுத்துவிட்டது. எழிலரசி வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அந்தச் செய்தி அவள் காதுக்கு வந்துவிட்டது.

பென்னாகரத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஊர் அது. பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு. மாத்திரை இலவசமாகத்தான் கிடைக்கிறது. ஆனால் தலைவலி நின்ற மறுநாளே மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். ஏன் நிறுத்துகிறார்கள், நிறுத்தாமலிருக்க என்ன செய்யலாம் என்று கண்டுபிடிப்பதுதான் எழிலரசியின் ஆராய்ச்சி.

இளம் சுகாதார ஆராய்ச்சியாளர்களுக்குத் தலைமைப் பயிற்சி என்று ஒரு நிறுவனம் வருஷம் முழுக்க நடத்திக்கொண்டிருந்தது. வருஷக் கடைசியில் தர்மபுரி மாவட்டத்துக்கு ஒரே ஒரு நிரந்தர வேலை. போட்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி எழிலரசி. இன்னொருவன், கம்பைநல்லூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் கை கழுவுகிறார்களா என்று ஆராய்ந்துகொண்டிருந்த நவநீதன். ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்தே எழிலரசிக்கு அலுத்துப்போயிருந்தது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் படித்த படிப்பை மூட்டை கட்டிவிட்டு அண்ணனின் உரக்கடையில் உட்கார வேண்டியதுதான். அண்ணன் அதற்கு நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டான்.

இரண்டு பேருக்கும் வழிகாட்டி டாக்டர் சந்திரமோகன். பெரிய மனிதர். பெரிய மனிதர் என்பதால் நேரில் பார்க்க முடியாது. சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டும். எழிலரசி கேட்ட கேள்விக்கெல்லாம் உடனுக்குடன் பதில் வந்தது. இவ்வளவு வேலைக்கு நடுவிலும் தனக்காக நேரம் ஒதுக்குகிறாரே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஊருக்குள் ஒரு தலைவரை உருவாக்குங்கள், மாத்திரை அவர் கையால் போகட்டும் என்றது அவருடைய முதல் யோசனை. எழிலரசி கிழக்குத் தெருப் பச்சியப்பனைப் பிடித்தாள். வார்டு உறுப்பினராக இருந்து, போன தேர்தலில் மேற்குத் தெருச் சிலம்பரசனிடம் தோற்றவர். அவர் கையால் மாத்திரை வாங்கி விழுங்கினால் கட்சி மாறியதாக ஆகிவிடும் என்று மேற்குத் தெருக்காரர்கள் நினைப்பார்கள் என்பது எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரப்படவில்லை. கொஞ்ச நஞ்சம் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

நடந்ததை அப்படியே வழிகாட்டிக்கு எழுதினாள். வாங்கிய டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. இன்னொரு தலைவரையும் உருவாக்குங்கள், தலைமை என்பது பகிர்ந்துகொள்வதற்கே.

எழிலரசிக்குக் கொஞ்சம் உதறலாகத்தான் இருந்தது. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் நவநீதனைப் பார்த்தபோது மனசு கேட்காமல் சொல்லிவிட்டாள்.

"சந்திரமோகன் சாரே சொல்லியிருக்காரு, அப்புறம் என்னங்க யோசனை?" என்றான் அவன். "எனக்கெல்லாம் ஒரு மெசேஜுக்குக்கூட அவரு பதில் போட்டதில்லைங்க."

அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. ஒரு தட்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள்.

சிலம்பரசன் மாத்திரைத் தலைவரானதும் முதல் காரியமாக ஃபிளெக்ஸ் வைத்தான். மாத்திரை அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி அவன் சிரித்துக்கொண்டிருந்தான். மறுநாளே பச்சியப்பன் அதைவிடப் பெரிதாக வைத்தார். இரண்டு பேருக்கும் மாத்திரை வருவது ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஒரே பெட்டியிலிருந்துதான். ஆனாலும் அவன் கொடுப்பது போலி என்று இவரும், இவர் கொடுப்பது காலாவதி என்று அவனும் வீடு வீடாகப் பிரசாரம் செய்தார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எழிலரசிக்கோ தூக்கம் போனதுதான் மிச்சம்.

ராமக்காவின் வீடு இரண்டு தெருவும் சேரும் முக்கில் இருந்தது. பால் கறக்க உட்கார்ந்தவர் மாட்டின் காலடியிலேயே மயங்கிச் சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. எழிலரசி ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது ராமக்கா கண் விழித்து எழுந்து உட்கார்ந்திருந்தார். ரெண்டு பேர் கொடுத்ததையும் முழுங்கினீர்களா என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு பேருமே வூடு தேடி வர்ற மனுஷங்க. ஒருத்தர் குடுத்தத முழுங்கிட்டு, இன்னொருத்தர் குடுத்தத வேணாம்னு மூஞ்சிக்கு நேரா எப்பிடிங்க சொல்றது?"

அன்று சாயங்காலமே ராமக்கா தேறி வீட்டுக்குப் போய்விட்டார். தேறாமல் கிடந்தது எழிலரசிதான். தேர்வுக் குழுவின் முன்னால் இதை எப்படிச் சொல்வது? வழக்கம்போல வழிகாட்டியையே கேட்டாள்.

இந்த முறை பதில் நீளமாக இருந்தது. எதையும் மறைக்க வேண்டாம். தவறு முழுவதும் என்னுடையதே என்று நீங்களே எழுந்து சொல்லுங்கள், தலைவருக்கு அதுதான் அழகு. நான் சொல்லித்தான் செய்ததாகச் சொல்லிவிடாதீர்கள், உங்கள் மதிப்புக் குறைந்துவிடும். எழிலரசி அதைப் படித்துக் கண் கலங்கினாள். தன் மதிப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற மனிதரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

நிறைவு விழா ஒகேனக்கலில், ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு விடுதியில் நடந்தது. எழிலரசி எழுந்து ஒன்று விடாமல் சொன்னாள். யாரையும் கை காட்டவில்லை. பேசி முடித்ததும் குழுவே எழுந்து கை தட்டியது. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு முடிவைச் சொன்னார்கள். எழிலரசியின் நேர்மைக்குப் பாராட்டு. வேலை நவநீதனுக்கு. அவனுடைய ஆராய்ச்சியில் யாரும் மயங்கி விழவில்லையாம்.

நவநீதன் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் போல மனசு யாருக்கு வரும் என்றான். எழிலரசிக்கு வயிறு எரிந்தது. அவனை வாழ்த்திவிட்டு வெளியே வந்து, குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். உரக்கடையின் மருந்து நாற்றம் இப்போதே மூக்கில் ஏறுவது போலிருந்தது.

ஆனாலும் சொல்லிக்கொள்ளாமல் போக மனசு வரவில்லை. தோற்றது தன்னுடைய தலையெழுத்து, அதற்கு அந்தப் பெரிய மனிதர் என்ன செய்வார்? சந்திரமோகனைத் தேடிப் போனாள். அவர் அருவிக்குக் கீழே எண்ணெய் மசாஜுக்குப் படுத்திருப்பதாகச் சொன்னார்கள். கார் மட்டும் நின்றிருந்தது. டிரைவர் தர்மன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எழிலரசி வந்துட்டுப் போனான்னு சார்கிட்ட சொல்லிடுங்க. எந்த நேரத்துல கேட்டாலும் எனக்குப் பதில் போட்டாரு. அத நான் மறக்கவே மாட்டேன்."

தர்மன் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சார் எங்கம்மா பதில் போட்டாரு? லீடர்ஷிப் ட்ரெயினிங்குன்னு சொல்லி, உங்க மெசேஜுக்கெல்லாம் பதில் போடற வேலைய வருஷம் பூரா நவநீதன் சாருக்கில்ல குடுத்து வெச்சிருந்தாரு."