பரணுக்குச் சன்னல் கேட்ட விண்ணப்பம்

நெருப்பைக் கண்டுபிடித்ததாக மனித குலம் பெருமை பேசிக்கொள்கிறது. அந்த நெருப்பைக் கூரைக்கடியில் நிரந்தரமாகக் குடிவைத்த பெருமை சிறுவீட்டு அனுமதி அலுவலகத்துக்கே உரியது. அதிலும் முழுப் பங்கு, அங்கே வரைவு எழுத்தராக இருந்த ‘உட்பிரிவு’க்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. எதைக் கேட்டாலும் விதி எண்ணும் உட்பிரிவும் சொல்லித்தான் பதிலை முடிப்பார் என்பதால் அது வழக்கொழிந்துவிட்டது.

அந்த அலுவலகம் அனுமதிப்பது பத்தடி அகல வீடு. ஏணியேறிப் போனால் மேலே படுக்கை. விளம்பரத் தாளில் அதற்கு ‘உறங்குமாடம்’ என்று பெயர். விதிப்புத்தகத்தில் அப்படி எழுத முடியாது. உறங்கும் இடம் என்றால் அறை. அறை என்றால் சன்னல் வேண்டும். சன்னல் வந்தால் வரைபடம் மாறும். வரைபடம் மாறினால் இயக்குநரின் முகம் மாறும். உட்பிரிவு ஒரு நாள் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டு எழுதினார்: “பரண் என்பது பொருள்கள் வைக்கும் இடம். பொருள்களுக்கு வியர்க்காது.” இயக்குநர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

ஊழியர் ஒதுக்கீட்டில் உட்பிரிவுக்கும் அப்படி ஒரு வீடு கிடைத்தது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸம்மா. காலை எட்டு மணிக்கு வந்து பரணில் ஏறிப் படுப்பார். அதே நேரத்துக்குச் சூரியனும் தகரக் கூரைமேல் ஏறிப் படுக்கும். மூக்குக்கும் தகரத்துக்கும் ஒன்றரை முழம்தான் இடைவெளி. கீழே அடுப்பில் கிளம்பும் சூடும் நேராக மேலேதான் வந்து சேரும். மேசை விசிறி அந்தச் சுட்ட காற்றையே திருப்பித் திருப்பிப் பரிமாறியது. நனைத்துப் போர்த்திய துணி, கண் மூடுமுன் காய்ந்து மொடமொடத்தது. ஒன்பது நாளாக அவருக்குச் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரத் தூக்கம் இல்லை.

“நேத்து ஏழாம் கட்டிலுக்குப் போட வேண்டிய ஊசிய எட்டாம் கட்டிலுக்குப் போடப் போயிட்டேங்க,” என்றார் ஒரு நாள். “அந்தப் பெரியவர் முழிச்சிருந்ததால தப்பிச்சார். மேல ஒரு சன்னல் வைங்க. சூடு வெளிய போகட்டும்.”

மனைவிமேல் உட்பிரிவுக்கு உண்மையிலேயே உயிர். அன்றே உருக்கமாக ஒரு விண்ணப்பம் எழுதி, மறுநாள் அலுவலகப் பெட்டியில் போட்டார். பெட்டியைத் திறப்பதும் அவர் வேலையே என்பதால் பதினோரு மணிக்குத் திறந்தார், படித்தார், கண் கலங்கினார், நிராகரித்தார். பரணில் பொருள்கள்தான் இருக்க முடியும், பொருள்களுக்கு வியர்க்காது.

மேல்முறையீடும் செய்தார். ஆய்வாளர் வந்தார். முழங்கால் வலியால் ஏணி ஏற முடியாதவர், வெப்பமானியை வாசற்படியில் பிடித்துப் பார்த்து, ‘இதமாக உள்ளது’ என்று குறித்துக்கொண்டு போனார்.

சொந்த மனைவி என்றும் பாராமல் நீதி வழங்கிய உட்பிரிவுக்காக இயக்குநர் சிறப்புக் கூட்டம் கூட்டினார். ‘நடுநிலைச் செம்மல்’ என்ற பட்டமும், பரிசாக ஒரு கனத்த கம்பளிப் போர்வையும் வழங்கப்பட்டன. நர்ஸம்மா அந்தப் போர்வையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மறுநாள் பத்து மணிக்கு, ஆவண அறையிலிருந்து இயக்குநர் உட்பிரிவைக் கூப்பிட்டனுப்பினார். கோப்புகள் புழுங்கிப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, அந்த அறைக்கு இருபத்து நான்கு டிகிரிக் குளிர், கீழே காற்று வரத் துவாரம், மேலே காற்றை வெளியேற்ற விசிறி. அங்கே கோப்பு அலமாரியின் இரண்டாம் அடுக்கில், கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தி, நர்ஸம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். போர்வையில் நிராகரிப்பு உத்தரவின் நகல் குத்தப்பட்டிருந்தது.

“அம்மா, இது கோப்பு வைக்கிற இடம். மனுஷங்க படுக்கக் கூடாது,” என்றார் இயக்குநர்.

நர்ஸம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “உங்க உத்தரவுப்படி நான் பொருள்தாங்க.”

இயக்குநர் திரும்பினார். “என்னய்யா சொல்லுது விதி?”

உட்பிரிவு மனப்பாடமாக ஒப்பித்தார். “அலுவலகப் பொருள் எதையும் வெப்பத்துக்கு ஆளாக்கக் கூடாதுங்கய்யா. எட்டாம் விதி, மூணாம் உட்பிரிவு. இங்க வந்து சேர்ந்த பொருளை வெளிய அனுப்பவும் வழியில்ல.”

“அதை எழுதினது யாரு?”

“நான்தாங்க.”

நர்ஸம்மா கணவரைப் பார்த்தார். “பொண்டாட்டிக்கு வியர்க்காதுன்னு எழுதின அதே கையாலதான், பேப்பருக்கு வியர்க்கும்னும் எழுதியிருக்கீங்க.” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று இயக்குநர் கதவை மெல்லச் சாத்தினார். அந்த அலுவலகத்தில் இரக்கமே இல்லை என்று சொல்கிறவர்கள் வாய் கூசாமல் பொய் சொல்கிறார்கள். இருக்கிறது. இருபத்து நான்கு டிகிரியில், நல்ல காற்றோட்டத்தோடு, காகிதங்களுக்காகப் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது.