சமையலறைப் பக்கம் வீசிய அலை

தம் வீட்டுத் தொலைக்காட்சியை மின்னிலக்க ஒளிபரப்புக்கு, அதாவது டிஜிட்டலுக்கு, தாமே மாற்றப்போவதாக ரத்னவேல் முடிவெடுத்த செய்தி, சிங்கப்பூரில் தேக்காச் சந்தைக்குப் பின்னால் நிற்கும் அந்த அடுக்குமாடியில் எவருக்கும் தெரியாமல் போகவில்லை. மின்தூக்கியில் ஏறியவர், இறங்கியவர் அனைவரிடமும் அவரே சொல்லிவிட்டிருந்தார்.

"சாங்கி ஏர்போர்ட்ல சரக்கு விமானத்துக்கே எடை பிரிச்சு ஏத்தினவன் நான். இந்தச் சின்னப் பெட்டிக்கும் ஆண்டெனாவுக்கும் டெக்னீஷியன் வரணுமா தம்பி?"

"வேணாம்ணே," என்றார் பக்கத்து வீட்டு முத்துராமன். மின்தூக்கிக் கதவு இன்னும் திறந்தபாடில்லை. வேறு பதில் சொல்ல அவருக்கு வழியில்லை.

ஆண்டு முடிவோடு பழைய ஒளிபரப்பு நின்றுவிடும் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. சமூக மன்றத்தில் விளக்கக் கூட்டம் நடந்தது. ரத்னவேல் போகவில்லை. அவர் மனைவி சாமுண்டீஸ்வரி போனார்.

"என்னங்க, அங்க ஜன்னல் பத்தி முக்கியமா ஒண்ணு சொன்னாங்க."

"நிறுத்து சாமு. எனக்கே பாடமா?"

"சரி லா, சொல்லலை."

அவர் உண்மையிலேயே சொல்லவில்லை.

இவ்விடத்தில் அந்த வீட்டின் அரசியலைச் சற்று விளக்க வேண்டும். ரத்னவேல் பணி ஓய்வு பெற்றுவிட்டார். சாமுண்டீஸ்வரி பாலர் பள்ளியில் இன்னும் வேலை பார்க்கிறார். மாலையில் களைத்து வந்து, அவரே அரிந்து, அவரே அரைத்து, அவரே சமைக்கிறார். கணவரிடம் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: கொஞ்சம் வெங்காயம் உரித்துத் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் கூடத்துச் சாய்வு நாற்காலியிலிருந்து ஒரே பதில் வரும்: "செய்தி போகுது சாமு." செய்தி முடிந்தால் தொடர். தொடர் முடிந்தால் சாப்பாடு. குடிநீர் எடுப்பதற்கல்லாமல் வேறு எதற்காகவும் சமையலறைக்குள் கால் வைக்காதவர் என்ற பெருமையை அவர் எளிதில் விட்டுக்கொடுப்பவர் அல்லர்.

சனிக்கிழமை காலை பணி தொடங்கியது. ஆண்டெனாவைக் கூடத்து ஜன்னல் திரைக்கு முன்னால் நிறுத்தி, புதிய டிஜிட்டல் பெட்டியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, விசையை அழுத்தினார். படம் வந்தது. சதுரம் சதுரமாக உடைந்து வந்தது. செய்தி வாசித்த பெண்ணின் மூக்கு நெற்றிக்குப் போய்விட்டது. வாய் அறிவிப்பு வரியில் நின்று பேசியது.

"உங்களுக்குத் தெரியாததா?" என்றார் சாமுண்டீஸ்வரி, கீரையைக் கிள்ளியபடி.

அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. சரக்குக்காரரின் மூளை வேலை செய்தது. சந்தைத் தள்ளுவண்டியில் தொலைக்காட்சியை ஏற்றிக் கயிற்றால் கட்டினார். ஆண்டெனாவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீடெங்கும் உருட்டினார். படுக்கையறையில் டிவி கூடாது என்பது அவரே போட்ட சட்டம். பூசை அலமாரி அருகில் ஒலி மட்டும் வந்தது. சமையலறை ஜன்னலோரம் போனதுதான் தாமதம், படம் பளிங்குபோல் நின்றது.

"கண்டுபிடிச்சுட்டேன் சாமு. இந்த புளோக்குக்கு அலை சமையலறைப் பக்கம்தான் வீசுது."

"ஐயோ, வேணாங்க. அடுப்பங்கரையில டிவியா? எண்ணெய்ப் பிசுக்கு ஏறிடும்."

"அறிவியல் சொன்னா கேட்டுக்கணும்."

"பேசாம டெக்னீஷியனைக் கூப்பிடுவோமே?"

அவ்வளவுதான். தொலைக்காட்சி சமையலறையில் நிரந்தரமாகக் குடியேறியது. அதைத் தொடர்ந்து ஒரு நாற்காலியும், நாற்காலியைத் தொடர்ந்து ரத்னவேலும்.

"சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, செய்தி பார்த்துக்கிட்டே இதை உரிங்க," என்று வெங்காயக் கூடை மடிக்கு வந்தது. அடுத்த நாள் பூண்டு. பிறகு தேங்காய் துருவுவது அவருக்குக் கைவந்துவிட்டது. இதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. கண்டுபிடிப்பாளருக்குச் சில அசௌகரியங்கள் உண்டு.

மேலும், புகழ் பரவிக்கொண்டிருந்தது. ரத்னவேல் பக்கத்து முத்துராமன் வீட்டுக்குப் போய், எதையும் சோதிக்காமலே, "கூடத்துல வைக்காதீங்க" என்று தீர்ப்பளித்தார். முத்துராமனின் மனைவி வைதேகி அன்றைக்கே மேசையை நகர்த்தினார். கீழ்மாடி அன்வர் வீட்டில் ஷபானா, "அங்கிள் சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்," என்று கணவரின் நாற்காலியையும் சேர்த்தே உள்ளே கொண்டுபோனார். தம் சொல்லை மனைவிமார் இத்தனை மரியாதையோடு கேட்டுக்கொள்வது ரத்னவேலுக்கு நெஞ்சை நிமிர்த்தியது.

பொங்கலுக்கு முந்திய ஒரு மாலையில், தெருவில் போட்டிருந்த பண்டிகை விளக்கு அலங்காரத்தைப் பார்க்கலாமென்று கூடத்து ஜன்னல் திரையை விலக்கினார். கண்ணாடியை மறைத்தபடி, ஆளுயரத்துக்கு, வீட்டிலிருந்த எவர்சில்வர் தாம்பாளங்கள் அத்தனையும் அடுக்கப்பட்டிருந்தன.

சாமுண்டீஸ்வரி சந்தைக்குப் போயிருந்தார். ரத்னவேல் தாம்பாளங்களை இறக்கினார். தள்ளுவண்டியை உருட்டி வந்தார். ஆண்டெனாவை வைத்தார். செய்தி வாசித்த பெண்ணின் மூக்கு, இருக்க வேண்டிய இடத்தில், மிகத் தெளிவாக இருந்தது. ஜன்னலை உலோகம் மறைத்தால் அலை உள்ளே வராது; சாமு அன்று சொல்ல வந்தது அதுதான்.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இன்றைக்கு விடுவதில்லை. ஊரைக் கூட்டி நியாயம் கேட்டுவிடுவது என்று வாசலுக்கு நடந்தார். அதற்குள் இரும்புக் கதவுக்கு வெளியே முத்துராமனின் குரல் கேட்டது. அவர் கையில் பாதி உரித்த பூண்டு.

"அண்ணே, சங்கதி தெரியுமா? நம்ம புளோக்குல முக்கால்வாசி வீட்டுல டிவி இப்ப கிச்சன்லதான். வசிப்போர் குழுவுல பொங்கல் அன்னிக்கு உங்களுக்குப் பொன்னாடை போத்துறாங்களாம். வைதேகிதான் பேரு கொடுத்திருக்கா. 'அலையின் திசை கண்டவர்'னு வாழ்த்து வாசிக்கப் போறாங்க."

"தம்பி, இந்த அலை..." என்று தொடங்கிய ரத்னவேல், சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டார்.

"ஏண்ணே, ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல தம்பி. பொன்னாடை என்ன கலரு?"

"பச்சைண்ணே, ஜரிகை போட்டது."

முத்துராமன் போனதும் தொலைக்காட்சியைச் சமையலறைக்கே உருட்டிச் சென்றார். பிறகு கூடத்துக்கு வந்து, ஓசைப்படாமல், தாம்பாளங்களை ஒவ்வொன்றாக ஜன்னலில் அடுக்கத் தொடங்கினார்.

பின்னால் சந்தைப் பை தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"பெரிய தாம்பாளத்தை முன்னால வைங்க," என்றார் சாமுண்டீஸ்வரி. "சின்னது இருந்தா படம் லேசா வந்துடுது."