மண் மூடிய வளைக்கு அனுப்பிய சாப்பாடு

அன்பு மகன் பிரேமுக்கு,

சாம்பியன் ரீப்ஸிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் டரான்டுலா சிலந்தி சுகமில்லை; செவ்வாய்க்கிழமை செத்துவிட்டது. போனில் சொன்னால் நீ கத்துவாய், எனக்கு இருமல் வந்துவிடும், அதனால் கடிதம்.

பெங்களூர் வீட்டுக்காரர் விரட்டியதால்தான் அதை இங்கே கொண்டுவந்து வைத்தாய். வாரம் ஒரு கரப்பான்பூச்சி, அதுவும் உயிரோடு. தீபாவளிக்கே வராத பிள்ளை, அதற்குத் தீனி போட ஞாயிறு தவறாமல் ரயிலேறி வந்தாய். ஒரு எட்டுக்கால் பூச்சிக்கு இருக்கிற யோகம் நமக்கில்லையே என்று பொறாமைகூடப் பட்டேன். அப்புறம் அது தின்னாமல் கிடந்தது. "தோல் உரிக்கப் போவுதுப்பா, ரெண்டு மாசம் ஒண்ணும் தின்னாது, நான் வரல" என்றாய். தோல் விஷயம் எனக்குப் புரியவில்லை, நீ வரமாட்டாய் என்பது மட்டும் புரிந்தது. எப்படியாவது தின்ன வைத்துவிட்டால் வருவாய் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பார்த்தால் பெட்டிக்குள்ள அது தோண்டின வளை வாயை மண் மூடிக் கிடக்கு. தோல் உரிக்க அதுவே மூடிக்கும்னு எனக்கு யாரு சொன்னது? இங்கே தங்க மைன் மூடுற வரைக்கும் இருபது வருஷம் ரெஸ்க்யூ டீம்ல இருந்தவன்டா நான். பூமிக்கடியில லெவல் பாதை சரிஞ்சா இன்னா பண்ணுவோம்? உள்ளே பைப்பை விட்டு, மாட்டிக்கிட்ட ஆளுக்கு முதல்ல காத்து, அப்புறம் சாப்பாடு. அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரமா பார்த்து, பப்பாளிக் காம்பைச் சொருகி, அது வழியா நாலு கரப்பானை உள்ளே அனுப்பினேன். மறுநாள் தோண்டிப் பார்த்தா மல்லாந்து கிடக்கு. தோல் பாதி உரிஞ்சு, உடம்பு பச்சைப்பிள்ளை மாதிரி மெத்துனு. நான் அனுப்பின சாப்பாடு அதைச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தது. மைன் லிப்ட் கேஜ்ல எத்தனையோ பேரை மேலே கொண்டாந்திருக்கேன். நானே கொன்னு நானே தூக்கினது இது ஒண்ணுதான். மனசே சரியில்லப்பா, மன்னிச்சுடு.

இனி நீ ஞாயிறு தோறும் அலைய வேண்டாம். சனியன் ஒழிந்தது என்று அம்மாவும் நிம்மதியாக இருக்கிறாள். நோய்நொடி அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லா இரு.

உன் அப்பா
நெடுஞ்செழியன்

பி.கு.: அம்மா நிம்மதி என்று மேலே எழுதியது பொய்; அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. வளையைப் பழையபடி மண் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அது எப்போ தோலுரிக்கும், நீ எப்போ வருவாய் என்று தினம் பத்து தடவை பெட்டியை எட்டிப் பார்க்கிறாள். இந்த ஞாயிறே வந்துடுப்பா. பெட்டிகிட்ட கொஞ்ச நேரம் குனிஞ்சு நின்னு, "சாப்பிட்டுச்சும்மா"ன்னு சொல்லு. அப்புறம் நீ சாப்பிட உட்காரு.