முதுகில் கண் உள்ளவன்

"மாப்ளே, இவனுக்கு என்ன முதுகுல கண்ணா?"

டேரிலின் மாமனார் வெர்லின் கையிலிருந்த பியரைக் கீழே வைத்துவிட்டுத் திரையைக் காட்டினார். பந்தைப் பிடிக்க ஓடியவனை விரட்டிப் போன தடுப்பாட்டக்காரன், திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் வந்த பந்தைத் தட்டிவிட்டிருந்தான்.

டேரிலின் முகம் சுருங்கியது. அந்தத் தடுப்பாட்டக்காரனுக்குப் புத்தி எழுதிக் கொடுத்ததே அவன்தான். விஸ்கான்சினில் அமெரிக்க ஃபுட்பால் வீடியோ கேம் செய்யும் சின்னக் கம்பெனியில் அவனுக்கு அதுதான் வேலை.

"அடுத்த வாரம் சரி பண்ணிடறேன் மாமா."

"பண்ணுங்க. நான் ஸ்கூல்ல இதே இடத்துல ஆடினவன். என் கண்ணுக்குத் தப்பாது."

மாமியார் இறந்ததிலிருந்து வெர்லின் யாரோடும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை, மகள் ஜோலீன் ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், ஒரு பொட்டலம் சாசேஜோடு வந்து மாப்பிள்ளையோடு கேம் ஆடுவார். வாயைத் திறந்தால் குறைதான். அந்த வாயால் ஒரு தடவையாவது "பேஷ்" வாங்கிவிட வேண்டுமென்று டேரில் தவியாய்த் தவித்தான்.

பந்தைப் பார்த்தால்தான் தொடலாம் என்று மாற்றினான். தடுப்பாட்டக்காரர்கள் அத்தனை பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடி, ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள்.

"என்ன மாப்ளே, மழை வருமான்னு பாக்கறானுங்களா?"

பந்தை விடு, ஆளைப் பார் என்று மாற்றினான். ஆட்டம் முடிந்த பிறகும் ஆளை விடாமல், பெஞ்சுவரை கூடவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான் ஒருவன்.

"விட்டா அவன் வீட்டுக்கே சாப்பிடப் போயிடுவான் போல!"

ஆளைத் துரத்த வேண்டாம், ஆளுக்கொரு இடத்தைக் காக்கட்டும் என்றான். இரண்டு பேரின் இடங்களும் சேரும் எல்லையில் ஓடி வந்தவனை 'நீங்க பிடிங்க', 'இல்லை, நீங்களே பிடிங்க' என்பதுபோல இரண்டு பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவன் நடந்தே போய்ப் புள்ளி எடுத்தான்.

"நம்ம ஊரு மரியாதை மாப்ளே! கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு, நீங்க முதல்ல, நீங்க முதல்லன்னு நிப்போமே, அதேதான்!"

அன்று வெர்லின் கண்ணில் நீர் வரச் சிரித்தார். டேரிலுக்கோ மானம் போனது. வாரம் முழுக்க அன்ன ஆகாரம் மறந்து உட்கார்ந்தான். பந்து வருவதை, பிடிக்கப் போகிறவனின் கண்ணையும் கையையும் வைத்துத் தெரிந்துகொள்ளத் தடுப்பாட்டக்காரனுக்குச் சொல்லிக் கொடுத்தான். அச்சு அசலான ஆட்டம். ஆடியவர்கள் எல்லாரும் கொண்டாடினார்கள்.

ஞாயிறு வந்தது. வெர்லின் பேசாமல் ஆடினார். சாசேஜ் ஆறிப் போனது.

"எப்படி மாமா?"

"நல்லா இருக்கு." எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "இனிமே நான் வந்து சொல்ல ஒண்ணும் இல்ல மாப்ளே."

வாங்க ஆசைப்பட்ட பாராட்டு இதுதான். கிழவர் குனிந்த தலையோடு காரை நோக்கி நடப்பதை டேரில் வாசலில் நின்று பார்த்தான். யாருக்கு வேண்டும் இந்தப் பாராட்டு?

மறுநாள் ஆபீசில் முதல் வேலையாக, நன்றாக இருந்ததைக் கெடுக்க உட்கார்ந்தான். வாடிக்கையாளர் புகார்களைக் கேட்கும் ரெனாட்டா எட்டிப் பார்த்துப் பதறினாள்.

"ஐயையோ! ஏங்க, ஒரு புகார்கூட வராம இப்பத்தான் நிம்மதியா இருக்கேன்!"

"எங்க மாமனாருக்காக ஒரே ஒரு தப்பு வேணும் ரெனாட்டா. இல்லேன்னா அவர் வீட்டுக்கு வரமாட்டாரு. பழைய ஆட்டக்காரர் வெர்லின், குறை சொல்லாம அவரால இருக்க முடியாது."

"வெர்லினா?" ரெனாட்டா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "வெள்ளிக்கிழமையானா எனக்கு போன் பண்ணி, 'ஃபுட்பால்ல எனக்கு அ, ஆ கூடத் தெரியாதும்மா, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் உக்கார இந்த வாரத்துக்கு ஒரு குறை சொல்லிக் குடேன்'னு கெஞ்சுவாரே, அவரா?"