திரும்பி வர வேண்டிய குரோட்டன்ஸ்

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்துப் பாருங்கள். செடியை 'நீங்க' என்றும் மேனேஜரை 'நைனா' என்றும் கூப்பிட்ட ஒரே ஆள் எங்கள் ரிவர்ஸ் நைனாதான். சத்தியமாகச் சொல்கிறேன்.

லோடு முன்னால் மறைத்தால் வண்டியை ரிவர்ஸில் ஓட்ட வேண்டும் என்பது விதி. இவர் லோடு இல்லாவிட்டாலும் ரிவர்ஸில்தான் போவார். சொந்தப் பெயர் அட்டெண்டன்ஸ் மெஷினுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் ஸ்டோர்ஸ் ஜன்னலோரம் ஒரு குரோட்டன்ஸ் செடி இருந்தது. மஞ்சளும் சிவப்புமாக, இலைக்கு இலை பட்டுப்புடவை மாதிரி மின்னும். தினமும் ஷிப்ட் தொடங்குமுன் ரிவர்ஸ் நைனா ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் பிடித்து அதன்மேல் அடிப்பார், ஒவ்வொரு இலையாகத் துடைப்பார். "நாஷ்டா ஆச்சா? வெயில் போதுங்களா?" என்று விசாரிப்பு வேறு. ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். என்னை ஒரு நாள் கேட்டதில்லை, மனுஷன்!

ஒருமுறை கஸ்டமர் வருகிறார் என்று, தொட்டியை ரிசப்ஷனில் ஏசிக்குக் கீழே வைக்கச் சொன்னார் மேனேஜர்.

"வாணாம் நைனா. இடம் மாத்துனா இவங்களுக்குப் புடிக்காது. ஏசிக் காத்து சுத்தமா ஆவாது. இலையெல்லாம் கொட்டிப்பூடும்."

"செடிக்கு ஏசியெல்லாம் எங்கய்யா தெரியப்போவுது?"

நன்றாகவே தெரிந்திருந்தது. ஒரே வாரம். கஸ்டமர் வந்த அன்று அங்கே நின்றது வெறும் குச்சி. மேனேஜருக்கு வந்ததே கோபம்! குச்சியில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டார். எங்கள் கம்பெனியில் சிவப்பு அட்டை என்றால் உதவாத பொருள் என்று அர்த்தம். ஏழு நாளில் ஸ்க்ராப் யார்டுக்குப் போய்விடும்.

ரிவர்ஸ் நைனா தொட்டியோடு என் மேஜைக்கு வந்தார். நகத்தால் தண்டை லேசாகக் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை.

"பாரு நைனா, உசுரு கீது! ஊட்டுக்கு எடுத்துக்கினு போய் தேத்திக் கொண்டாரேன். நீதான் வழி பண்ணணும்." கண் கலங்கியிருந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கம்பெனிப் பொருள் எதுவும் பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்டாது. மோட்டாரை ரிப்பேருக்கு அனுப்பும்போது போடுகிற 'ரிடர்னபிள்' பாஸ் ஒன்றை எடுத்தேன். போன பொருள் சொன்ன தேதிக்குள் திரும்பி வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் கையெழுத்துப் போட்டவன் தொலைந்தான். 'பொருள்: குரோட்டன்ஸ், ஒன்று. நிலை: இலை இல்லை. காரணம்: ரிப்பேர். கெடு: இரண்டு மாதம்.' கீழே என் கையெழுத்து. புத்தி எங்கே போச்சோ!

கம்பெனி பஸ்ஸில் குச்சிக்கு ஜன்னல் சீட். இவர் தன் ஊரான ஆரம்பாக்கம் வரைக்கும் நின்றுகொண்டே போனார். "தொட்டியைக் கீழ வையேம்ப்பா" என்று யாரோ கத்தியதற்கு, "பேஷண்ட்டுப்பா" என்றாராம்.

அதற்கப்புறம் தினமும் நான்தான் விசாரித்தேன். "இன்னா நைனா ஆச்சு?"

"சும்மா கேட்டுக்கினே இருந்தா எப்டி? அவங்களைப் பேஜாரு பண்ணாத!"

கெடு முடிகிற நாள். கேட்டில் ஒரே கூச்சல். ஓடினேன். தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி ரிவர்ஸ் நைனா, குறுக்கே செக்யூரிட்டி. செடியில் பதினோரு இலை!

"போவும்போது இலை இல்லைன்னு எழுதிக்கீது. இப்ப பதினொண்ணு கீது. எக்ஸ்ட்ரா மெட்டீரியல். பில்லு எங்க?"

"தானா துளுத்ததுக்கு இன்னா நைனா பில்லு?"

'மேற்படி பதினோரு இலையும் ரிப்பேரில் சேர்ந்தவை' என்று நான் எழுதிக் கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். பொருள் திரும்பி வந்தாயிற்று என்று பாஸை க்ளோஸ் பண்ணினேன். செடி பழைய ஜன்னலுக்கே வந்தது. ரிவர்ஸ் நைனா தொட்டியைச் சுற்றித் தரையில் மஞ்சள் பெயிண்டால் கட்டம் போட்டு, "இனிமே எவனும் அசைக்கக்கூடாது" என்றார்.

போன மாதம் ரிவர்ஸ் நைனாவின் கான்ட்ராக்ட் முடிந்தது. "செடியைக் கூட்டிக்கினு போயேன்" என்றேன்.

"இவங்களுக்கு இடம் மாத்தக்கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று என்னைத் திட்டினார். ஸ்ப்ரே பாட்டிலை என் மேஜையில் வைத்தார். ஜன்னலைப் பார்த்தபடியே, கேட் வரைக்கும் பின்பக்கமாக நடந்து போனார்.

அன்றைக்கு ஒரு பாஸ் எழுதினேன். 'பொருள்: ரிவர்ஸ் நைனா, ஒன்று. வகை: ரிடர்னபிள்.'

தினமும் ஸ்ப்ரே அடிக்கிறேன், நாஷ்டா ஆச்சா என்றும் கேட்கிறேன். அந்தப் பாஸை மட்டும் இன்னும் க்ளோஸ் பண்ணவில்லை.