சிறப்பு விருந்தினருக்கு எழுதிக் கொடுத்த பேச்சு

"பல்வலியா? எந்தப் பல்லு சார்?" என்று போனில் கேட்டார் கேஷியர்.

எந்தப் பல்லாக இருந்தால் அவருக்கு என்ன? தலை சுற்றும்போது மனிதன் இப்படித்தான் எதையாவது கேட்டு வைப்பான். மறுமுனையில் சிறப்பு விருந்தினர் வர முடியாதென்று முனகிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

வீடு வாசல் இல்லாத இளம் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி கட்ட நிதி திரட்டும் விழா. சாயங்காலம், ஆபீஸ் கூடத்தில். பொறுப்பு முழுவதும் கேஷியர் தலையில்.

"யாரையாவது பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா திங்கக்கிழமை ஆபீஸ் பக்கமே வர வேண்டாம்" என்றார் மேனேஜர்.

இது போதாதென்று, மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யும்படி கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் வேறு சொல்லியிருந்தார். மாடியில் இவர்கள் நடக்கிற சத்தம் அவர் மண்டையில் இடிக்கிறதாம். அன்று முதல் கேஷியரும் மனைவியும் பூனை மாதிரி நடந்து பார்த்தார்கள். ஓனர் இரங்கவில்லை. தெருத் தெருவாக அலைந்தும் வேறு வீடு அகப்படவில்லை.

"ஏங்க, நம்ம ஓனரையே மேடையில உக்கார வச்சா என்ன?" என்றாள் மனைவி. "மனுஷன் குளிர்ந்து போயிடுவாருல்ல?"

ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! கேஷியர் சத்தமில்லாமல் படியிறங்கி ஓடினார்.

ஓனருக்கு வாயெல்லாம் பல். "ஆனா எனக்குப் பேச வராது தம்பி. நீயே எழுதிக் குடுத்துடு. நம்ம சொந்தக்காரங்க கொஞ்சம் பேர் வருவாங்க, முன்வரிசையை ஒதுக்கி வை."

கேஷியர் உட்கார்ந்து எழுதினார். பாதி பிள்ளைகளுக்காக, மீதி தனக்காக. 'தலைக்கு மேலே கூரை இல்லாமல் ஒருவரும் தெருவில் நிற்கக் கூடாது. கதவைச் சாத்துகிறவன் மனிதனா? இருக்கிறவன் கொடுக்க வேண்டாமா?' இதைத் தன் வாயாலேயே படித்துவிட்டு எப்படிக் காலி பண்ணச் சொல்வார், பார்த்துவிடலாம்! முடித்தபோது எழுதியவருக்கே கண் கலங்கிவிட்டது.

ஓனரின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். முன்வரிசை மட்டுமில்லை, கடைசி வரிசை வரைக்கும் வந்தார்கள். நிதி கொடுக்க வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள். யாருக்காக விழாவோ அந்தப் பிள்ளைகள் துணிப்பைகளோடு பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"எங்கய்யா நிதி?" என்று பல்லைக் கடித்தார் மேனேஜர். "வந்தவங்க பூரா பிஸ்கட்டைத் தின்னுட்டு இருக்காங்க!"

விருந்தினருக்குக் கௌரவமாக இருக்கட்டும் என்று தன் வீட்டுப் பெரிய நாற்காலியை மேடையில் போட்டிருந்தார் கேஷியர். ஓனர் அமர்ந்ததும் அதன் கால் ஒடிந்தது. சொந்தக்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். தரையில் கிடந்தபடி ஓனர் பார்த்த பார்வையில், கேஷியர் மனதுக்குள் சாமான் கட்டவே ஆரம்பித்துவிட்டார்.

ஓனர் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். நாலு வரி போனதும் மைக் செத்தது. கேஷியர் பின்பக்கம் ஓடி ஃப்யூஸைப் பிடுங்கி மாட்டினார். பட்ட காலிலே படும் என்பார்களே, விளக்கும் அணைந்தது. வேலையும் போச்சு, வீடும் போச்சு, இனிப் போவதற்கு என்ன இருக்கிறது என்று அந்த இருட்டு மூலையில் நின்று மூக்கைச் சிந்தினார். மைக் இல்லாமலே ஓனர் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. வார்த்தைதான் புரியவில்லை.

பிறகு கைதட்டல். கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற கைதட்டல்.

ஃப்யூஸை அமுக்கி விளக்கை வரவழைத்துவிட்டுப் பதறி ஓடி வந்தார். மேடையில் ஓனர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுத்துய்யா! என் கண்ணைத் திறந்துட்டியே தம்பி!" என்றார் ஓனர்.

கேஷியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜாடையில் சொல்லலாமென்று மனைவியைத் தேடினார். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

பின்சுவரோரம் நின்றிருந்த பெண் ஒருத்தி, துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அவரிடம் ஓடி வந்தாள்.

"ரொம்ப நன்றிண்ணே! மாடி வீட்டை ஐயா எங்களுக்கே குடுத்துட்டாரு. சாவி உங்ககிட்டதான் இருக்காமே?"